"118 டிகிரி காட்டுது, ஆஃப் பண்ணிரட்டா?"

ஏப்ரல் மாதத்து மத்தியானம். திற்பரப்பில் அருவிக்குக் கொஞ்சம் மேலே, கோதையாறு பாறை மேல் பரந்து ஓடுகிற இடத்தில் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பையன். என்னோடு இரண்டு வருஷம் வேலை பழகியவன்.

"அண்ணா, டிரான்ஸ்பார்மர் 118 டிகிரி காட்டுது. ஆஃப் பண்ணிரட்டா?"

"ஆஃப் பண்ணாத மக்கா. பெயர்ப்பலகையில இன்சுலேஷன் கிளாஸ்னு ஒரு வரி இருக்கும். அதுல என்ன போட்டிருக்கு, பார்த்துச் சொல்லு."

"எஃப்னு இருக்கு."

"லோடு?"

"480 ஆம்பியர்."

"அறைக்குள்ள சூடு எவ்வளவு?"

இதற்கு அவனிடம் பதில் இல்லை. அந்த அறையில் தெர்மாமீட்டரே கிடையாது. "ஓடட்டும், பயப்படாத. நாளைக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். முதல் இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்ததால் மூன்றாவதை நான் அழுத்திப் பிடிக்கவில்லை. அது தப்பு. அந்தத் தப்பைப் பற்றியும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

அவன் பயந்ததில் நியாயம் உண்டு. நம்ம ஊரில் டிரான்ஸ்பார்மர் என்றால் ரோட்டோரம் இரண்டு கம்பத்துக்கு நடுவே மேடை போட்டு நிற்கிற, எண்ணெய் நிரப்பிய பெட்டிதான். குலசேகரம் ரோட்டிலும் களியல் ரோட்டிலும் அதைத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறோம். மேலே கோதையாறு மின்நிலையங்களில், 1970-லும் 1971-லுமாக ஓடத் தொடங்கிய 60 மெகாவாட், 40 மெகாவாட் இயந்திரங்களின் மின்சாரத்தை உயர்த்தி அனுப்புகிற பெரிய டிரான்ஸ்பார்மர்களும் எண்ணெய் வகைதான். எண்ணெய்க்குள் கம்பிச்சுருளைச் சுற்றியிருப்பது காகிதம். எண்ணெயில் ஊறிய அந்தக் காகிதத்தின் வகுப்பு 105 டிகிரி. அப்படிப்பட்ட ஒரு பெட்டியின் மீட்டரில் 118 தெரிந்தால் நானும் ஓடிப்போய்ப் பிரேக்கரைத் தட்டத்தான் செய்வேன்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் இருப்பது டிரை டைப். எண்ணெயே கிடையாது. செம்பு அல்லது அலுமினியச் சுருளை எபாக்ஸி ரெசினில் வார்த்து உறைய வைத்திருப்பார்கள். சுற்றியுள்ள காற்றுதான் அதைக் குளிர்விக்க வேண்டும். இதற்குச் சூடு சகஜம். சூடாக ஓடுவதற்கென்றே செய்தது. கையை வைத்துப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. கை வைக்கவும் கூடாது. பளபளவென்று பீங்கான் மாதிரி இருக்கிற அந்த ரெசின் மேல்பரப்பு தொட்டால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரம் ஓடும்போது அதன் மேல்பரப்பையும் மின்சாரம் உள்ள பாகமாகவே கருத வேண்டும். 11,000 வோல்ட் சுருள் அது. கதவில் பூட்டு போட்டிருப்பது சும்மா இல்லை.

அப்படியானால் எவ்வளவு சூடுவரை சரி? ஒரே எண்ணைச் சொல்லிவிட முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் பதில் அந்தப் பெயர்ப்பலகை எழுத்தில் இருக்கிறது. ஏ என்றால் 105 டிகிரி, ஈ 120, பி 130, எஃப் 155, எச் 180. இந்தக் கணக்கெல்லாம் செல்சியஸில். இன்று நம் பக்கம் கட்டடங்களில் பெரும்பாலும் பார்ப்பது எஃப், அடுத்து எச். 180 என்றால் எவ்வளவு என்று மனதில் பிடிக்க வேண்டுமானால், ஏத்தங்காய் சிப்ஸ் பொரிகிற தேங்காய் எண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்தச் சூடு.

இந்த 155 என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. மூன்று துண்டுகளைக் கூட்டி வருவது. சுற்றியுள்ள காற்று அதிகபட்சம் 40 என்று வைத்துக்கொள்கிறார்கள். முழு லோடில் சுருளின் சராசரிச் சூடு அந்தக் காற்றைவிட 100 டிகிரி ஏறலாம். சுருள் முழுக்க ஒரே சூடு இருக்காது. மேல்பாகத்தில் எங்கோ ஒரு இடம் சராசரியைவிடக் கூடுதலாகக் கொதிக்கும், அதற்கு ஒரு 15. நாற்பதும் நூறும் பதினைந்தும் நூற்றைம்பத்தைந்து. எச் வகுப்பில் நடுத்துண்டு மட்டும் 125 ஆகும், கூட்டினால் 180. நம் நாட்டுத் தரநிலையும் (முன்பு ஐ.எஸ். 11171, இப்போது ஐ.எஸ். 2026 பகுதி 11) இந்த முறையில்தான் போகிறது. அமெரிக்கக்காரர்கள் வேறு மாதிரி கூட்டுவார்கள்: 40, 150, அப்புறம் 30, மொத்தம் 220. அங்கிருந்து இறக்குமதியான இயந்திரத்தோடு வந்த டிரான்ஸ்பார்மரில் "150 டிகிரி ரைஸ்" என்று போட்டிருந்தால், அது மொத்தச் சூடு இல்லை, ஏற்றம் மட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று துண்டில் இரண்டை டிரான்ஸ்பார்மர் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. முதல் துண்டு, அந்த 40, நம் கையில் இருக்கிறது. திற்பரப்பிலும் மார்த்தாண்டத்திலும் சித்திரை வெயிலில்கூட நிழலில் 35-ஐ ஒட்டித்தான் நிற்கும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இந்த ஜில்லாவின் பச்சைக்கும் காற்றுக்கும் நடுவே நான் அளந்த சில டிரான்ஸ்பார்மர் அறைகளில் 50-க்கு மேல் இருந்திருக்கிறது. வெளியே ரப்பர்த் தோட்டத்தின் குளிர்ச்சி, உள்ளே அடுப்படி.

ரப்பர் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் புகைப்புரை இருந்தது. பால்வெட்டு முடிந்து, பாலை உறைய வைத்து, ரோலரில் அடித்து, சொட்டச் சொட்ட நிற்கிற ஷீட்டை அதற்குள் மூங்கில் கம்பில் தொங்கப் போடுவோம். நாலு நாள் புகை. அப்பாவிடம் தெர்மாமீட்டர் இருந்ததில்லை. ஆனால் சூடு குறைந்தால் ஷீட் பூஞ்சை பிடிக்கும், அறுபதைத் தாண்டினால் ஷீட்டுக்குள் குமிழ் குமிழாக எழும்பி விலை போகாது என்பது அவருக்குக் கைவந்த கணக்கு. அதைவிட அவர் கண்டிப்பாக இருந்தது இரண்டு ஓட்டைகளில். அடுப்புப் பக்கம் தரையோடு ஒன்று, கூரை முகட்டில் ஒன்று. மழைக்காலத்தில் முகட்டு ஓட்டை வழியாகச் சாரல் அடிக்கிறதே என்று ஒருநாள் நான் தகரம் வைத்து மூடிவிட்டேன். ஈரக்காற்று போக வழியில்லாமல், உள்ளே சூடு ஏறி, அந்தத் தடவை ஷீட் முழுவதும் கெட்டுப்போனது. அப்பா அடிக்கவில்லை. ஏணியை எடுத்துக்கொடுத்து, "ஏறி நீயே எடு" என்றார்.

முப்பது வருஷம் மின்சார வேலை பார்த்த பிறகும் டிரான்ஸ்பார்மர் அறைக்குள் போனால் நான் முதலில் தேடுவது மீட்டரை இல்லை. கீழ் ஓட்டையும் மேல் ஓட்டையும்தான்.

சூடு கூடினால் உடனே என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது என்பதுதான் ஆபத்து. காப்புப் பொருள் வெந்து, வறண்டு, மெல்ல மெல்ல உயிரை விடுகிறது. 1930-ல் வின்சென்ட் மான்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணக்குச் சொன்னார்: அன்றைய காகிதக் காப்பில் 8 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும். டிரை டைப்பின் ரெசின் காப்புக்கு இன்று 10 டிகிரிக்குப் பாதி என்று வைத்துக் கணக்குப் போடுகிறோம். இருபது வருஷம் ஓட வேண்டியதை வருஷம் முழுக்க 10 டிகிரி கூடுதலாக ஓட்டினால் பத்து வருஷம். 20 கூடினால் ஐந்து. நாள் முழுக்கவா அப்படி ஓடுகிறது, மத்தியானம் இரண்டு மணி நேரம்தானே என்றால், அந்த இரண்டு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. அது அன்றன்றைக்குக் கழிந்துகொண்டே இருக்கும். பில்லில் வராது, சத்தத்தில் தெரியாது. பத்தாவது வருஷம் ஒருநாள் ரெசினில் மயிரிழை விரிசல் தெரியும்போது எந்த மத்தியானத்தின் வேலை அது என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு பாடு எதற்கு, எண்ணெய் டிரான்ஸ்பார்மரையே வைத்துவிட்டுப் போகலாமே என்று ஒரு கட்டட முதலாளி என்னிடம் கேட்டார். விலையும் குறைவு. அவரிடம் உப்ஹார் தியேட்டரைப் பற்றிச் சொன்னேன்.

1997 ஜூன் 13. தில்லியில் உப்ஹார் தியேட்டரில் மாலைக் காட்சிக்கு முந்திய காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கட்டடத்தின் தரைத்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி எண்ணெய் டிரான்ஸ்பார்மர் அறை. அன்று காலையிலேயே அதில் தீப்பொறி வந்து, பி ஃபேஸ் கேபிளின் முனையில் மாட்டுகிற லக்கை மாற்றியிருக்கிறார்கள். கிரிம்பிங் கருவியால் அழுத்தாமல் சுத்தியலால் தட்டி மாட்டிய லக். மாலை ஐந்து மணியை ஒட்டி, நின்றிருந்த கரண்டு திரும்பி வந்த சிறிது நேரத்தில் அந்த இணைப்பு மறுபடி பொறி விட்டு, கேபிள் கழன்று ரேடியேட்டர் மேல் விழுந்து, தகட்டைத் துளைத்தது. எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. கார்கள் எரிந்தன. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறி பால்கனிக்குள் போனது. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மூச்சுத் திணறி. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள்.

நான் அந்த வழக்கில் பிறகு வந்த தீர்ப்பின் பக்கங்களைப் படித்தபோது வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு லக். சரியான கருவியால் இரண்டு அழுத்து அழுத்தியிருக்க வேண்டிய ஒரு லக். அதற்குப் பிறகு ஒரு லக்கைக்கூட நான் சுத்தியலால் தட்டியதில்லை, யாரையும் தட்ட விட்டதும் இல்லை.

டிரை டைப்பில் கொட்டுவதற்கு எண்ணெய் இல்லை. வார்த்த ரெசின் தீயைத் தானாகப் பரப்பாதபடி செய்கிறார்கள், அதற்கு எஃப்-1 என்று தனிச் சோதனையும் உண்டு. (இன்சுலேஷன் எஃப் வேறு, இந்த எஃப்-1 வேறு.) 1960-களில் ஜெர்மனியில் இந்த வார்ப்பு முறை வளர்ந்ததே, ஆட்கள் நடமாடுகிற கட்டடத்துக்குள் எண்ணெய் இல்லாமல் டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும் என்ற தேவையில்தான். இன்று சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களுக்குள் இருப்பது இந்த வகை. நம் முப்பந்தல் பக்கம் பழைய காற்றாலைகளின் காலடியில் எண்ணெய்ப் பெட்டி நிற்கிறது. உலகில் சில பெரிய காற்றாலைகளில் டிரான்ஸ்பார்மரையே உச்சியில், இறக்கைக்குப் பின்னால் இருக்கிற கூட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். அங்கேயும் பெரும்பாலும் டிரை டைப்தான். ஆஸ்பத்திரி, மால், அடுக்குமாடி என்று வந்தால் எனக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். போன் வந்து மூன்று வாரம் இருக்கும், மே மாதம். டிரான்ஸ்பார்மர் மத்தியானம் ட்ரிப் ஆனது. ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டதால் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் அதே நேரம் ட்ரிப். மூன்றாம் நாள் நான் போய் நின்றேன். என்னை முந்திக்கொண்டு இன்னொருவர் வந்து ஒரு தீர்வு சொல்லியிருந்தார்: சூடு காட்டும் ரிலேயில் அலாரம் 140, ட்ரிப் 150 என்று இருக்கிறது, அதை 160, 170 ஆக்கிவிடலாம், பிரச்சினை தீர்ந்தது. மானேஜருக்கும் அது பிடித்திருந்தது. செலவில்லாத வழி.

"அந்த எண்ணை மட்டும் தொடாதீங்க சார்" என்றேன். "அது கூச்சல் போடுறது நம்ம நல்லதுக்கு."

எஃப் வகுப்புக்கு 155 எல்லை. ட்ரிப்பை 150-இல் வைத்திருப்பதே கடைசி வேலியாகத்தான். அதை 170-க்குத் தள்ளினால் ரிலே சும்மா இருக்கும், ரெசின் சும்மா இருக்காது.

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு எழுதிய எண்கள் இன்னும் என் நோட்டில் இருக்கின்றன. 500 கே.வி.ஏ., 11 கே.வி. / 433 வோல்ட். முழு லோடு என்றால் 667 ஆம்பியர், அன்று ஓடியது 560. ஆர் ஃபேஸ் 139, பி ஃபேஸ் 141, ஒய் ஃபேஸ் 148. நடுவில் நிற்கிற ஒய் சுருளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு அடுப்பு, அதனால் அது எப்போதும் கொஞ்சம் கூடத்தான் காட்டும், அதில் அதிசயம் இல்லை. அதிசயம் அறைக்குள் இருந்தது. சுவரில் மாட்டிய புதுத் தெர்மாமீட்டரில் 53.

கணக்கைப் பாருங்கள். 560 ஆம்பியர் என்றால் 84 சதவீத லோடு. சூட்டின் ஏற்றம் லோடோடு நேராகப் போகாது, அதைவிட வேகமாக ஏறி இறங்கும். 84 சதவீத லோடுக்கு ஏற்றம் நூறில் எழுபத்தைந்து, எழுபத்தாறு டிகிரிதான் வரும். அதனுடன் உச்சிச் சூட்டுக்குப் பதினைந்து. இரண்டும் சேர்ந்து தொண்ணூறு. அறை 40-க்குள் இருந்திருந்தால் ஒய் ஃபேஸ் 130-ஐச் சுற்றி நின்றிருக்கும், யாரும் யாருக்கும் போன் பண்ண வேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மரில் ஒரு குறையும் இல்லை. அறைதான் அதை வேக வைத்துக்கொண்டிருந்தது. போன் வந்த அன்று 480 ஆம்பியரில் 118 காட்டியதையும் இதே மாதிரி பின்னோக்கிக் கழித்துப் பார்த்தேன். அன்றைக்கே அறை 44-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. காலை தண்ணீரிலிருந்து எடுத்து அன்றே ஒரு நடை போயிருக்க வேண்டும்.

அறையைச் சுற்றி வந்தேன். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே காற்று வருகிற சட்டத்தை வெளிப்புறமாகத் தகரம் வைத்து அறைந்திருந்தார்கள். போன துலா மழையில் சாரல் உள்ளே வந்தது, ஒரு பாம்பும் வந்தது, அதனால் மூடினோம் என்றார் வாச்மேன். உள்பக்கம் அதே சட்டத்துக்கு முன்னால் மருந்து வந்த அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எக்ஸாஸ்ட் ஃபேன் இழுக்கிறது, உள்ளே வரக் காற்றில்லை. கதவைத் திறந்தால் கதவு கையிலிருந்து பிடுங்குகிறது. எனக்குத் தகரத்தைப் பார்த்ததும் எங்கள் புகைப்புரை முகடுதான் கண்ணில் வந்தது.

அந்த டிரான்ஸ்பார்மர் முழு லோடில் ஏறத்தாழ ஏழு கிலோவாட்டைச் சூடாக வெளியே தள்ளும். ஏழு இஸ்திரிப் பெட்டியை ஒரே அறையில் இரவும் பகலும் ஓட விட்ட மாதிரி. ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிமிடத்துக்கு மூன்று நாலு கனமீட்டர் புதுக்காற்று வேண்டும். ஃபேனை நம்பாமல் தானாகவே காற்று ஓடும்படி ஓட்டை விட ஒரு கணக்கு இருக்கிறது: வெளியேறும் சூடு எத்தனை கிலோவாட்டோ அதை 0.18-ஆல் பெருக்கி, இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே உள்ள உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுத்தால் கீழ் ஓட்டையின் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். மேல் ஓட்டை அதைவிடப் பத்து சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் சூடான காற்று விரிந்துவிடுகிறது. இந்த அறையில் உயர வித்தியாசம் இரண்டரை மீட்டர். கீழே 0.8 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒன்பது சதுர அடிக்குக் கொஞ்சம் குறைய. இது காற்றுக்குத் திறந்திருக்கிற பரப்பு. வலை போட்டால் வலைக்கம்பி அடைக்கிற பங்கைச் சேர்த்துக்கொண்டு சட்டத்தைப் பெரிதாக்க வேண்டும்.

தகரத்தை எடுத்தோம். பாம்புக்கும் அணிலுக்கும் எட்டாத பொடிக்கண் வலை. சாரலுக்கு வெளியே ஒன்றரை அடி சாய்ப்பு. கீழ்ச்சட்டம் ஒரு சுவரில், மேல்ஓட்டை எதிர்ச்சுவரில், காற்று டிரான்ஸ்பார்மரைத் தழுவிக்கொண்டு போகும்படி. அட்டைப் பெட்டிகள் அறையை விட்டே போயின. ஒரு வெல்டரும் ஒரு கொத்தனாரும் இரண்டு நாள் செய்த வேலை. மானேஜர் ஏ.சி. போடலாமா என்று கேட்டார். ஏழு கிலோவாட்டை ஏ.சி. வைத்து இறைப்பதற்கு ஆஸ்பத்திரி மாதாமாதம் கரண்டு பில் கட்ட வேண்டும். சும்மா வெளியே போகத் தயாராக நிற்கிற சூட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும்.

சுருளுக்கு அடியில் ஃபேன் வைத்து ஊதுகிற ஏற்பாடும் உண்டு. நல்ல ஏற்பாடு. நாற்பது சதவீதம்வரை கூடுதல் லோடு தாங்கும் என்று கம்பெனிக்காரர்கள் தருவார்கள். அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த அறையில் அதே சூடான காற்றையே சுற்றிச் சுற்றி ஊதுவதற்கு அது இல்லை. அறைக் காற்றே 50 இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், ஏற்றத்தில் பத்தைக் குறைத்து, லோடில் ஆறு ஏழு சதவீதம் விட்டுக்கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். ஊட்டி மாதிரி ஆயிரம் மீட்டருக்கு மேலே போகிற ஊரிலும் இப்படி ஒரு கழிவு உண்டு. அங்கே குளிர்தானே என்பார்கள், ஆனால் காற்று மெலிந்துவிடுவதால் சூட்டைச் சுமந்து போகிற தெம்பு அதற்குக் குறைவு. திற்பரப்புக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னும் ஒன்று, இதைப் பலர் தவற விடுகிறார்கள். சூடு காட்டுகிற அந்தச் சின்னக் கம்பி, பி.டி. 100 என்பார்கள், அது சுருளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுருளின் சூடு மட்டும்தான் அதற்குத் தெரியும். பஸ்பாரில் ஒரு நட்டு தளர்ந்து அந்த இணைப்பு கொதித்தாலும் ரிலேக்கு ஒன்றும் தெரியாது, 110 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டே இருக்கும். உப்ஹாரில் பொறி விட்டதும் இணைப்பில்தான், சுருளில் இல்லை. அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது லோடு இருக்கும்போது வெப்பப் படக்கருவி கொண்டு எல்லா இணைப்பையும் பார்க்கச் சொல்கிறேன். மூன்று ஃபேஸில் ஒரே மாதிரி லோடு ஓடும்போது ஒரு லக் மட்டும் மற்றவற்றைவிடத் தனியாக வெளுத்துத் தெரிந்தால், அடுத்த ஷட்டவுனில் முதல் வேலை அது. கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் டார்க் ரென்ச் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கிச் சரிபாருங்கள். கைக்கணக்கு வேண்டாம்.

யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் ஏ.சி., எல்.இ.டி. விளக்கு இவை கூடினால் ஆம்பியர் மீட்டர் காட்டுவதைவிடக் கூடுதலாகச் சுருள் சூடாகும். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் தனிப் பதிவு ஆகிவிடும். ஆம்பியர் கூடாமல் சூடு மட்டும் கூடியிருந்தால், அறையைப் பார்த்த பிறகு அதையும் சந்தேகப்படுங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நம் ஜில்லாவுக்கென்று ஒரு தனிக் கவலை இருக்கிறது, அது ஈரம். இரண்டு மழைக்காலம் நமக்கு. ஓடிக்கொண்டிருக்கிற டிரை டைப்புக்கு ஈரம் ஒன்றும் செய்யாது, அதன் சூடே அதை உலர வைத்துக்கொள்ளும். நிறுத்தி வைத்தால்தான் பிரச்சினை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து, ஜில்லாவில் பல இடத்தில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. கரண்டு திரும்பி வரும் என்று தெரிந்ததும் ஒரு கட்டடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் சுருள் மேல் முத்து முத்தாக வியர்த்திருக்கிறது. காப்பின் தடையை அளக்கிற மெக்கர் வைத்தால் எட்டே மெகாஓம். அப்படியே சார்ஜ் பண்ணியிருந்தால் ஈரத்தின் வழியாகவே மின்சாரம் மேல்பரப்பில் ஓடி, கரிக்கோடு இழுத்திருக்கும். துடைத்து, தூசி ஊதி, ஹாலஜன் விளக்குகளைத் தள்ளி வைத்து ஒரு பகலும் ஒரு இரவும் சூடு காட்டினோம். மறுநாள் காலை நானூறைத் தாண்டிக் காட்டியது. அதற்குப் பிறகுதான் பிரேக்கரைப் போட்டேன். உலர்ந்த வகை என்ற பெயரை அதற்கு நாம்தான் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் இருந்தால், டிரான்ஸ்பார்மர் நின்றிருக்கும்போது அதற்குத் தனி இணைப்பிலிருந்து கரண்டு கொடுத்து வையுங்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. வாச்மேன் அண்ணாச்சி மணிக்கொரு தடவை எழுதுகிறார்: லோடு, மூன்று ஃபேஸ் சூடு, அறைச் சூடு. ஐந்து எண். முதலில் மூன்று எண் போதும் என்றுதான் பையன் கட்டம் போட்டிருந்தான். லோடும் அறைச் சூடும் இல்லாமல் 118 என்று மட்டும் எழுதி வைத்தால் அடுத்த வருஷம் படிக்கிறவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லி இரண்டு கட்டம் சேர்க்க வைத்தேன்.

தகரத்தை எடுத்த அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை, நானே போய்ப் பார்த்தேன். மழை இன்னும் தொடங்கவில்லை, வெக்கை அப்படியேதான் இருந்தது. மத்தியானம் இரண்டரை மணிக்கு அண்ணாச்சி எழுதியிருந்தது: 562 ஆம்பியர். ஆர் 122, ஒய் 129, பி 123. அறை 38.